எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு தாலி

போன வாரம் பக்கத்து வீட்டு சாரதா அக்காவையும் அவர் கணவர் முனியாண்டி அண்ணனையும் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் குருண் ஊர் கிளினிக்குக்குப் போனேன். அக்காவுக்கு விடாத இருமல். சளியில் ரத்தம் வேறு. நுரையீரலைப் படம் எடுத்தே ஆகவேண்டும் என்றுவிட்டார் டாக்டர்.

எக்ஸ்ரே அறை வாசலில்தான் வம்பு.

"ஆன்ட்டி, ராந்தாய் புக்கா லா" - சங்கிலியைக் கழற்றச் சொன்னார் படம் எடுக்கும் மலாய்ப் பெண்.

அக்கா தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "புருசன் உசுரோட இருக்கறப்ப தாலிய கழட்டறதா?"

"கழட்டு லா. நான் என்ன இப்பவே போயிடப் போறேனா?" என்றார் அண்ணன்.

"வாயக் கழுவுங்க மொதல்ல! படமும் வேணாம், ஒண்ணும் வேணாம். வாங்க வீட்டுக்கு."

எழுந்தே விட்டார். நெஞ்சில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே திரும்பிப் போவதா?

தாலியை எதற்குக் கழற்ற வேண்டும்? ஒளி என்றால் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தானா? டிவி ரிமோட், போன் சிக்னல், சோறு சூடாக்கும் மைக்ரோவேவ்... எல்லாம் அதே குடும்பம்தான். எக்ஸ்ரே அதில் கொஞ்சம் முரட்டு ஆள். துணி, தோல், சதை எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடும். எலும்பிடம் கொஞ்சம் தடுமாறும்; தங்கத்திடம் நின்றேவிடும். தாலி இருந்தால் படத்தில் அந்த இடம் மறைந்துவிடும்.

மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டுத் தாலியைக் கழற்றலாமே! ஆனால் கிளினிக்கில் கயிற்றுக்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். உள்ளே போனார். புண்ணுக்குப் போடுகிற மஞ்சள் மருந்தில் நனைத்த பேண்டேஜ் துணியோடு வந்தார்!

"இனி போலே கா?" - இது சரிவருமா என்று கேட்டார்.

அக்கா அதை முகர்ந்து பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் கழுத்தைக் காட்டினார்.

அண்ணன் துணியை வாங்கிக் கட்டப் போனார். "மூணு முடிச்சும் போடணுமா?"

"பின்ன? ரெண்டோட ஓடிடலாம்னு பாக்கறீங்களா?"

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் ஏனோ கண் கலங்கியது.

படத்தில் துணியின் சுவடே இல்லை. வெறும் கிருமித் தொற்றுதான், மருந்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அப்பாடா!

வெளியே வந்ததும் அண்ணன் கழற்றி வாங்கி வைத்திருந்த தங்கத் தாலியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அக்கா வாங்கிப் போட்டுக்கொண்டார். பேண்டேஜை அவிழ்க்கவில்லை.

"இதுவும் இருக்கட்டும். இப்பதான கட்டினீங்க."

அண்ணன் முகத்தில் வந்த வெட்கத்தைப் பார்க்க எக்ஸ்ரே எதற்கு? கிளினிக் வாசல் வெயிலே போதுமாக இருந்தது!