ஆண்டனி அண்ணனின் இடது கைப் பிடி

ஆண்டனி அண்ணன் இன்னிக்குக் காலையில போயிட்டார். வேலப்பன்சாவடி வீட்டுல, தூக்கத்துலயே...

கம்பெனி பழைய ஆளுங்க குரூப்ல ஒருத்தர், "பாவம், கஷ்டப்பட்ட மனுஷன்"னு போட்டிருக்கார். சார், உங்களுக்கு அவரைத் தெரியல. அவ்வளவுதான்.

தொண்ணூறுகள்ல அம்பத்தூர் எஸ்டேட்ல நாங்க ஒரே ஷெட். அவர் தகடு வெட்டுற பவர் பிரஸ் மெஷின்ல. நான் டிப்ளமா முடிச்சுட்டு வந்த குவாலிட்டி இன்ஸ்பெக்டர்.

நான் சேர்றதுக்கு முன்னாடியே பிரஸ்ல இடது கையோட கடைசி ரெண்டு விரலும் போயிருந்துச்சு. அதுக்கப்புறமும் அதே பிரஸ்லதான் நின்னார்.

ஞாயித்துக்கிழமை சிட்டிக்குப் போய் கோல்ஃப் மைதானத்துல பெரிய மனுஷங்களுக்குப் பை தூக்குவார். பை தூக்குறவங்களுக்குன்னு அங்க வருஷத்துக்கு ஒரு போட்டி. அதுல ஆடணும்... அது ஒண்ணுதான் அவருக்கு.

பிரச்சினை என்னன்னா, கோல்ஃப் கிளப்பை, அதான் அந்த மட்டையை, இறுக்கிப் பிடிக்கிறதே இடது கையோட கடைசி விரல்கள்தான். இவர் அடிச்சா கிளப் கைக்குள்ளயே சுத்திடும்.

நான் விடுவேனா. விரல் இல்லாத இடத்துக்குச் சரியா, பிடி மேல ரப்பர் ஒட்டி ஒரு மேடு கட்டினேன். அயனம்பாக்கம் ஏரிக்கரையில போய் அடிச்சுப் பார்த்தார். பந்து நேரா போச்சு. எனக்குத் தலைகால் புரியல.

அவர் பிளேடை எடுத்து அந்த மேட்டை அறுத்துட்டார்.

"என்னண்ணே, நல்லாதானே போச்சு?"

"நல்லாதாம்பா போச்சு. பிடி ரவுண்டா இருக்கணும், மேடு பள்ளம் கூடாதுன்னு ரூல் கீது. இத்தோட போனா, 'ஐயோ பாவம், வுட்ருங்க'ன்னுவான். அந்தப் பேச்சு எனக்கு வாணாம்."

"சலுகைன்னு எடுத்துக்கங்களேன்."

"நீ எடுத்துக்கோ நைனா. ஒனக்குத்தான் பத்து வெரலும் கீதே."

அப்புறம் ரவுண்டாவே தடிமனாக்கினோம். பிடின்றது கழட்டி மாட்டுற ரப்பர் உறை. அதுக்கு அடியில, கிளப்போட கம்பி மேல துணி டேப் சுத்தணும்... மேல அதிகம், கீழ போகப் போகக் குறைச்சல். பிடிக்குள்ள வழுக்குறதுக்குப் பெட்ரோல் ஊத்தி, அது காயறதுக்குள்ள ஒரே தள்ளுல ஏத்தணும்.

முதல் தடவை பாதி ஏத்திட்டு, டேப் சுத்து பத்தாதுன்னு என்கிட்ட சண்டைக்கு வந்தார். சண்டை முடியறதுக்குள்ள பெட்ரோல் காஞ்சு, பிடி பாதியில நின்னுருச்சு. அறுத்துத்தான் எடுத்தோம். "எல்லாம் ஒன் வாயாலதான்டா"ன்னார்.

திரும்பவும் கண்ணை மூடிப் பிடிச்சுப் பார்த்தார். "இன்னும் ஒரு சுத்து போடு."

"வெர்னியர் வெச்சு அளந்துட்டேன், சரியா இருக்குண்ணே."

"வெர்னியரா வந்து அடிக்கப் போவுது?"

போட்டி அன்னிக்கு நானும் போனேன், பையில வெர்னியரோட. அங்க இருந்த அதிகாரி கிளப்பைக் கையில வாங்கினார். நல்ல மனுஷன்தான். "தடியா இருக்கே... பரவாயில்ல ஆண்டனி, உன் கேஸ் ஸ்பெஷல். ஆடு."

அண்ணன் நகரல. "ஸ்பெஷல் வாணாம் சார். அளந்து பாருங்க. தப்பா இருந்தா போய்டறேன்."

"நான்தான் ஆடுன்னு சொல்றேனே."

"அளங்க சார்."

பின்னாடி நின்னவங்க முனக ஆரம்பிச்சாங்க. "வெயிலு ஏறுது அண்ணாத்தே, ஆடித் தொலை"ன்னான் ஒருத்தன். இவர் திரும்பிக்கூடப் பார்க்கல.

கடைசில அந்த அதிகாரி என் வெர்னியரை வாங்கி, பிடியைத் திருப்பித் திருப்பி வெச்சு அளந்தார். "ரவுண்டுதான். ரூல்படி சரி."

அதுக்கப்புறம்தான் ஆடினார். முதல் அடி புதருக்குள்ள. எல்லாரும் சிரிச்சாங்க. "சிரிங்கடா, அடுத்தது நீங்கதான்"ன்னுட்டு பந்தைத் தேடப் போனார். அன்னிக்குத் தோத்தார். நல்லாவே தோத்தார்.

இன்னிக்கு மதியம் போய்ப் பார்த்தேன். பெட்டியில படுக்க வெச்சு, ரெண்டு கைக்கும் வெள்ளை கிளவுஸ் போட்டிருந்தாங்க. இடது கிளவுஸ்ல கடைசி ரெண்டு விரலுக்குள்ள பஞ்சு அடைச்சிருந்தாங்க... கை முழுசா தெரியட்டும்னு.

"அதைக் கழட்டுங்க"ன்னேன். சொந்தக்காரர் ஒருத்தர், "நாலு பேர் வர்ற இடத்துல எதுக்குத் தம்பி..."ன்னு இழுத்தார்.

அவர் சம்சாரம் ரீட்டா அண்ணிதான் எழுந்து வந்தாங்க. அவங்களே கழட்டி, ஜெபமாலையை அந்தக் கையிலயே சுத்தி வெச்சாங்க.

நாளைக்குச் சாயங்காலம் அடக்கம்.

போய்ட்டு வாங்கண்ணே.