சுவருக்கு அந்தப்பக்கம் போன ஜெர்மன்

பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் ஜெர்மன் நேர்காணல் அன்று நீங்கள் இருவரும் பள்ளியில் இருந்தீர்கள். நடந்ததை அரைகுறையாகத்தான் சொன்னோம். முழுதாக எழுதி வைக்கிறேன்.

நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி ஆஸ்பத்திரிக்காரர்கள் வீடியோவில் பேசிப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். தவறினால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். அம்மா மூன்று மாதமாகச் சமையலறையில் நின்றபடி சத்தமாக ஜெர்மன் படித்தாள். பெருங்களத்தூரில் நம் பிளாட்டுச் சுவர் எப்படியென்று உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டு அக்கா அப்பளம் உடைத்தால் நமக்குக் கேட்கும்.

காலையிலேயே அவரிடம் போனேன். "அக்கா, மத்தியானம் ரெண்டு மணிக்கு இன்டர்வியூ. ஒரு மணி நேரம் மிக்ஸி மட்டும் போடாதீங்க."

"மிக்ஸி என்ன, மூச்சுகூட விடமாட்டேன். நீங்க போய் நடுங்காம நில்லுங்க சார்."

கேமராவில் விழாமல் பிரிட்ஜ் ஓரமாக நின்றேன். திரையில் ஒரு ஜெர்மன் அம்மையாரும் இன்னொருவரும். படிப்பு, அனுபவம் எல்லாம் அம்மா கடகடவென்று சொன்னாள். பிறகு வீட்டைப் பற்றிக் கேட்டார்களாம்; எனக்கு ஜெர்மன் புரியாது, அம்மா பின்னால் சொன்னதுதான். ஏரி, மூன்றாவது மாடி என்று சொல்லிக்கொண்டே வந்தவள், சுவர் என்ற இடத்தில் நின்றுவிட்டாள். அடுத்த சொல் வரவில்லை.

சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து கணீரென்று அக்காவின் குரல்: "ஹெல்ஹோரிஷ், கண்ணு. ஹெல்ஹோரிஷ்."

அக்காவுக்கு ஜெர்மன் தெரியாது. அம்மா படித்ததைக் கேட்டுக் கேட்டே, அந்த இடத்தில் வரும் சொல் பாடமாகியிருக்கிறது.

போச்சு, யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நினைப்பார்கள் என்றுதான் பயந்தேன். அம்மா அசரவில்லை. அந்தச் சொல்லையே சொல்லிச் சுவரைத் தட்டிக் காட்டினாள். பேசியது பக்கத்து வீட்டு அக்கா, எங்கள் வீடு இப்படித்தான் என்று விளக்கினாள். திரையில் இருந்த இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வீட்டுச் சத்தம் அப்படியே வந்துவிடும் வீட்டுக்கு ஜெர்மனியில் அந்த ஒரே சொல்தானாம். கூர்மையான காதுள்ள ஆளையும் அப்படிச் சொல்வார்களாம். தன் வீடும் அதே கதைதான் என்றாராம் அந்த அம்மையார். அப்போதே, வேலை உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

அம்மா அக்கா வீட்டுக்கு ஓடினாள். இங்கிருந்தே எனக்குக் கேட்டது.

"ஏன்க்கா, என் உயிரே போயிடுச்சு."

"மூணு மாசமா என் சாம்பாரே அதைக் கேட்டுத்தாண்டி கொதிக்குது. நீ மறந்தா நான் சும்மா இருப்பேனா?"

நான் மட்டும் வீட்டில் நின்றிருந்தேன். இனி நமக்கும் வேண்டுமே என்று, மேசையில் கிடந்த அம்மாவின் ஜெர்மன் நோட்டைத் திறந்து, முதல் பக்கத்துச் சொற்களைச் சுவர் தாண்டாத குரலில் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன்.