நாலு என்று எழுதிய மாடுகள்

ஐம்பதுகளில் ஒரு வெள்ளம் பொத்தோங் பாசிர் தோட்டங்களை மூழ்கடித்துவிட்டுப் போன பிறகு, நான் அங்கே நிவாரண முகாமில் தற்காலிக எழுத்தராக இருந்தேன். தமிழும் மலாயும் பேசுவேன், ஆங்கிலத்தில் எழுதுவேன் என்பதால் கிடைத்த வேலை. பள்ளிக்கூட மேசை ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, யாருக்கு என்ன போயிற்று என்று காலையிலிருந்து மாலைவரை எழுதவேண்டும். பன்றி, கோழி, கீரைப்பாத்தி, மாடு. மூன்றாம் நாளுக்குள் எனக்குக் கழுத்துவலியும் மனிதர்கள்மேல் ஒரு சலிப்பும் வந்துவிட்டன.

அன்று மத்தியானம், சிராங்கூன் ரோட்டு வீடுகளுக்குப் பால் ஊற்றிவந்த ஒருவர் ஈர வேட்டியோடு வந்து நின்றார்.

"எத்தனை மாடு போச்சுண்ணே?"

"ஏதோ நாலு போச்சு தம்பி."

நாலு என்று எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மாடு வைத்திருப்பவர்கள் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், கண் பட்டுவிடும். போனதைச் சொன்னால் இருந்ததும் தெரிந்துவிடும், அதனால் அதையும் குறைத்துத்தான் சொல்வார்கள். எனக்கு இது புதிதில்லை. பிள்ளைகள் எத்தனை என்று யாராவது கேட்டால், "ஏதோ ரெண்டு மூணு இருக்கு" என்பாள் என் அம்மா. நாங்கள் ஏழு பேர். அந்தப் பால்காரரிடம் நான் இன்னொரு தரம் கேட்டிருக்கவேண்டும். வரிசை நீளமாக இருந்தது, எனக்குப் பசி.

முன்பு ஒரு தடவை உதவிப்பணம் யார் யாருக்கோ போய்விட்டதாகப் பேச்சு அடிபட்டதால், இந்த முறை எல்லாம் வெளிப்படையாக நடக்கவேண்டும் என்று உத்தரவு. பட்டியலைப் பலகையில் ஒட்டினால் மட்டும் போதாது, எல்லாரையும் கூட்டிவைத்துப் படிக்கவேண்டும், குறையிருந்தால் அங்கேயே சொல்லலாம். நல்ல ஏற்பாடுதான். தமிழில் படித்தது நான்.

"மாடு, நாலு" என்றதும் கூட்டத்திலிருந்து பால்காரரின் மனைவி எழுந்தார்.

"நாலா? ஒம்பது தம்பி! ஒம்பதும் கட்டுன எடத்துலயே செத்துக் கெடந்துச்சு. மிச்சம் ரெண்டுதான். நாலு மாட்டுக் காச வச்சுக்கிட்டு நாங்க திரும்ப எப்படித் தொழில் பண்றது?"

பக்கத்தில் பால்காரர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி வெள்ளைக்காரர், நியாயமான மனிதர். பக்கத்து மாட்டுக்கொட்டகைக்காரர்களை விசாரிக்கச் சொன்னார். ஒருவருக்கும் தெரியவில்லை. "அடுத்தவன் மாட்ட யாராச்சும் எண்ணுவாங்களா? தப்புலா அது" என்றார் ஒருவர். செத்த மாடுகளையோ சுகாதார ஆட்கள் அன்றைக்கே புதைத்துவிட்டார்கள்.

கடைசியில் அதிகாரி என் பக்கம் திரும்பினார். எழுத்தர் சரியாக விசாரிக்காமல் எழுதியிருந்தால் தவறு நம்முடையது, ஒன்பது என்று திருத்திவிடலாம் என்றார். விசாரித்தும் அவர் நாலு என்றே சொல்லியிருந்தால் நாலுதான், இல்லாவிட்டால் நாளைக்கு ஆளாளுக்கு ஏற்றிச் சொல்வார்கள். நீ திரும்பக் கேட்டாயா?

அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்க இருந்தார்கள். என்னைப் பற்றிச் சிபாரிசு எழுதவேண்டியவர் அந்த அதிகாரிதான்.

"மூன்று தடவை கேட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதைத் தமிழிலும் சொல் என்றார், இவர்களுக்கும் தெரியவேண்டுமல்லவா. எல்லாருக்கும் கேட்கும்படி தமிழிலும் சொன்னேன். என் குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை, அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

அந்த அம்மா புருஷன் பக்கம் திரும்பினார். "மூணு தடவ கேட்டாராமே! வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டாரு" என்றார் மனைவியிடம். "தம்பி கேட்டாரு. நான்தான் சொல்லல."