சுரங்கப்பாதைச் சுவர்

தண்ணீர் ஒரு வண்டிக்குள் எங்கே நுழையும், எங்கே போய்த் தங்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்றில் பல வருஷம் வண்டி கழுவியவள் அவள். கழுவிய வண்டி கிளம்பாவிட்டால் மெக்கானிக்குகள் பழியை அவள் தலையில்தான் போடுவார்கள். திட்டு வாங்கி வாங்கியே, எதைக் கழற்றி எதைத் துடைத்தால் எஞ்சின் பிடிக்கும் என்று கற்றுக்கொண்டாள். பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டை ஒட்டியே சொந்தமாக ஒரு ஷெட் போட்டாள். மழையில் நின்றுபோன ஸ்கூட்டர்களெல்லாம் அவள் வாசலில்தான் வந்து சேரும். அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்குக்கூட அவள் ‘ஸ்பானர் அக்கா’தான்.

ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவளுக்கு, கூடப் பிறந்த தம்பியின் ஸ்கூட்டர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. அவனுக்கு ஐஸ் ஃபேக்டரியில் வேலை. தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்த மழைக்காலத்தில் வண்டி அங்கேயே, அதே பள்ளத்தில், திரும்பத் திரும்ப நின்றது.

“என்னக்கா நீ, மத்தவன் வண்டியெல்லாம் பறக்குது. என் வண்டி மட்டும் எருமை மாதிரி, தண்ணியக் கண்டா படுத்துக்குது.”

“நீ ஓட்டற லட்சணம் அப்படி. தண்ணில இறங்கினதும் ஆக்சிலேட்டரை விட்டுடறியா?”

“விடவே இல்லக்கா. கணுக்கால் தண்ணிதான். அதுக்கே புஸ்ஸுன்னு போயிடுது.”

அவள் ஷட்டரைப் பாதி இறக்கி ஷெட்டை இருட்டாக்கினாள். எஞ்சினை ஓடவிட்டு, ஸ்பிரே பாட்டிலால் ஒவ்வோர் இடமாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாள். ஸ்பார்க் பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் ரப்பர் மூடியில் தண்ணீர் பட்டதுதான் தாமதம், நீலப் பொறி ஒன்று புழுவைப்போல நெளிந்து எஞ்சின் உடம்பில் பாய்ந்தது. வண்டி இருமிவிட்டு அடங்கியது. ரப்பரில் தலைமயிர் கனத்துக்கு ஒரு விரிசல். மூடியையும் வயரையும் புதிதாக மாற்றினாள். மறுபடி தண்ணீர் அடித்தாள். எஞ்சின் நிற்காமல் ஓடியது. வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் கழற்றிய மூடிக்குள் மஞ்சளாக, வெண்ணெய்போல வழவழவென்று களிமண் இருந்தது. ரோட்டுச் சேறு கருப்பாக, மணல் கலந்து நறநறவென்று இருக்கும். இது அது இல்லை.

“இந்த மண்ணு எங்கேர்ந்துடா வந்துச்சு?”

“அங்க சுவத்துலேர்ந்து பீச்சியடிக்கும்க்கா. சட்டையெல்லாம் ஆயிடும்.”

“மழை பெய்யாத அன்னிக்குமா?”

“முந்தாநாளு மழையே இல்லையே. அன்னிக்குத்தான் ஜாஸ்தி.”

அவள் அந்த மண்ணை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம், தூறலில், ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவளே வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். பள்ளத்துத் தண்ணீரில் இறங்கியும் எஞ்சின் சீராக ஓடியது. அவள்தான் நிறுத்தினாள். இடப்பக்கச் சுவரில், தோள் உயரத்தில், கல் இடுக்குகளிலிருந்து மஞ்சள் தண்ணீர் விசிறிபோலத் தெறித்துக்கொண்டிருந்தது. சுவரில் கை வைத்தாள். மேலே ரயில் ஒன்று போனது, சுவர் அதிர்ந்தது. ரயில் போய் வெகுநேரம் ஆன பிறகும் அதிர்வு நிற்கவில்லை. உள்ளே, வயிறு பொருமுவதுபோல ஒரு சத்தம். வெறும் தண்ணீர் வந்தால் கசிவு என்று விட்டுவிடலாம். மண்ணையும் சேர்த்துக் கொண்டுவருகிறதென்றால், சுவருக்குப் பின்னால் எவ்வளவு காலியாகியிருக்கும்? அவள் காலடியில் ஒரு கல் சில்லு ‘சொத்’தென்று விழுந்தது.

வண்டியைத் திருப்பி மேலே ஏறினாள். சுரங்கப்பாதை வாயில் ரோடு குறுகல். அங்கே ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தி ஸ்டாண்ட் போட்டாள். பின்னால் வண்டிகள் சேர ஆரம்பித்தன.

“என்னாச்சும்மா?” என்றார் ஒருவர்.

சுவர் விழப்போகுது என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. சொல்லி, அது விழாமல் போனால்? தெருவே சிரிக்கும்.

“வண்டி நின்னுபோச்சு. கிளம்ப மாட்டேங்குது.”

“ஓரமாத் தள்ளி வைங்க!” ஹாரன்கள் காதைப் பிளந்தன. அவள் வேண்டுமென்றே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள். வேலைக்கு நேரமாகிறதென்று வண்டியைத் தேடி நடந்தே வந்த தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நுழைந்தான்.

“நேத்துதானக்கா சரி பண்ணே?” என்றபடி ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினான். எஞ்சின் ஒரே அழுத்தில் பிடித்துக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. தம்பி அவமானத்தில் வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கினான். மொபெட்டில் தண்ணீர் கேன்களை அடுக்கிக்கட்டியிருந்த ஒருவர், “வழிய விடும்மா, பொழப்பப் பாக்கணும்,” என்று அந்தச் சந்தில் நுழைந்துவிட்டார்.

“போகாதீங்க! சுவரு! சுவரு விழுது!” அப்போதுதான் அவளுக்கு வாய் வந்தது. தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் கேன்காரர் திரும்பிப் பார்த்தாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. மூட்டை அவிழ்ந்து தானியம் கொட்டுவதுபோல நீளமாக, மெதுவாக ஒரு சத்தம் கேட்டது. பிறகு மஞ்சள் தண்ணீர் சரிவில் ஏறி அவள் செருப்பை நனைத்தது. ஹாரன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்தன. ஒரு நீலக் கேன் மட்டும் மிதந்து வந்தது.

சிரித்தவர்கள்தான் முதலில் இறங்கித் தோண்டினார்கள். தம்பியும் தோண்டினான். அவர் உயிரோடு கிடைத்தார். ஒரு காலை மட்டும், முழங்காலுக்குக் கீழே, எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் சண்டை போடவில்லை. “உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

“நிச்சயமாத் தெரியாதுங்க. பயமா இருந்துச்சு.”

“அந்தப் பயத்தையாச்சும் சொல்லியிருக்கலாமே. வண்டி ரிப்பேர்னுதானே சொன்னீங்க. ரிப்பேர் வண்டிக்கு யாரும்மா காத்துக்கிட்டு நிப்பா?”

பக்கத்தில் நின்ற தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அன்றிலிருந்து அவன் சுற்றுவழியில்தான் வேலைக்குப் போகிறான்.

விழுந்த சுவரைப் புதிதாகக் கட்டிப் பாதையைத் திறந்துவிட்டார்கள். எதிர்ச் சுவர் பழையதுதான், அதை யாரும் தொடவில்லை. மழை பிடித்தால் அவள் ஷெட்டை மூடிவிட்டு சுரங்கப்பாதை வாசலில் போய் நிற்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம், “எனக்கு அந்தச் சுவத்து மேல நம்பிக்கை இல்ல, சுத்திப் போங்க,” என்று சத்தமாகவே சொல்கிறாள். சிலர் திரும்பிப் போகிறார்கள். சிலர், “இந்தம்மாவுக்கு மண்டை குழம்பிப்போச்சு,” என்று சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள். அவர்கள் மறுபக்கம் மேடேறும்வரை அவள் அந்தப் பின்விளக்குகளையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.