அடைக்காமல் விட்ட ஓட்டை

மழை பெய்தால் ஊரிலுள்ள எல்லாக் கார்களும் வெளியேதான் நனையும். எங்கள் அப்பாவின் கார் உள்ளேயும் நனையும். உட்காருகிற இடமெல்லாம் காய்ந்து கிடக்கும், பின்பெட்டியில் மட்டும் குளம் கட்டி நிற்கும். மலாய் நாட்டில், காஜா பெராங்கில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்த அப்பாவுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் இது ஒரு குறையாகவே படவில்லை. பெட்டிக்குள் அப்படி என்ன பொக்கிஷம் இருந்தது? ஒரு ஸ்பேர் டயர், ஒரு கிழிந்த சாக்கு. நனைந்தால் நனையட்டும் என்று விட்டிருந்தார்.

ஜப்பான்காரன் வந்ததும் பெட்ரோல் போயிற்று. கார் கரியில் ஓட ஆரம்பித்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நான் கதை அளக்கிறேன் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவோரம், ஏறும் பலகையின் மேல், ஆள் உயரத்துக்கு ஒரு தகர அடுப்பு நின்றது. அதில் கரி எரிந்து வரும் வாயுவில்தான் இஞ்சின் ஓடும். புறப்படுவதற்கு முன் ஒருவர் நின்று, கைப்பிடி போட்ட காற்று விசிறியைச் சுற்றி அடுப்பை மூட்ட வேண்டும். மேடு வந்தால் ஏறியவர்களெல்லாம் இறங்கித் தள்ள வேண்டும். வழிக்கு வேண்டிய கரி மூட்டைகளைப் பின்பெட்டியில்தான் போட வேண்டும். ஆக, இத்தனை வருடம் கேட்பாரற்றுக் கிடந்த ஒழுகல் இப்போது அப்பாவின் வயிற்றிலேயே அடித்தது.

ஒருமுறை குருபோங் பக்கம் போனவர், மழையில் கரி ஊறிப்போய், கார் இருமி இருமி நின்று, மாட்டு வண்டி பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பாதையில் நிற்கிற காரைப் பட்டாளத்துக்காரன் கண்டால் ஆயிரம் கேள்வி கேட்பான். பதில் பிடிக்காவிட்டால் காரையும் எடுத்துக்கொள்வான். அன்று அப்படி எதுவும் நடக்காததற்கு அம்மா மாரியம்மனுக்கு விளக்குப் போட்டாள். ஆனால் அப்பா அப்போதும் ஒழுகலைப் பார்க்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே போக்குக் காட்டினார்.

எங்கள் வீட்டில் மாமாவும் இருந்தார், அம்மாவின் ஒரே தம்பி. இருபது வயதிருக்கும். அடுப்பு விசிறியைச் சுற்றுவதும் என்னைச் சீண்டி அழ வைப்பதும் அவருடைய வேலைகள். அந்த நாளில் சயாமில் ரயில் பாதை போட வேண்டுமென்று தமிழ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தோட்டத்தில் பிடித்தார்கள், டவுனிலும் பிடித்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அந்த மாதக் கடைசியில் வந்து சேரச் சொல்லி மாமாவுக்கும் உத்தரவு வந்தது. அம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கோ பொறாமையில் நெஞ்சு வெந்தது. சயாம் வரைக்கும் ஓசியில் ரயில் பயணம்! தம்பின் ஊர் ஸ்டேஷனில் நின்று ரயிலைப் பார்த்ததோடு சரி, நான் ஏறியதே இல்லை.

"நானும் வரேன் மாமா. ஜன்னல் பக்கம் நான்தான்" என்றேன்.

அம்மா என் மண்டையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். அப்படி என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த வாரம்தான் அப்பாவுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. பெட்டியில் ஒரு சொட்டு இறங்கக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். மாமா சைக்கிளில் கிளேபாங் கடற்கரைக்குப் போய், படகுப் பலகைகளின் இடுக்கை அடைக்க வலைக்காரர்கள் வைத்திருக்கும் குங்கிலியப் பிசினைக் கொஞ்சம் வாங்கிவந்தார். அதைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் குழம்பாக்கினால் எந்த இடுக்கையும் அடைக்கும். அன்று எங்கள் கொல்லை கோயில் மாதிரி மணத்தது. பெட்டியின் தரையில் எங்கெல்லாம் தண்ணீர் தேங்கியதோ அங்கெல்லாம் அப்பா அள்ளி அள்ளிப் பூசினார். மாமா, "அத்தான், இனிமே இதுல கடலுக்கே போகலாம்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

மறுநாள் மழை பெய்தது. பெட்டியைத் திறந்தால் முன்னைவிட அதிகத் தண்ணீர். முன்பாவது தரையிடுக்கு வழியாகக் கொஞ்சம் வடிந்துகொண்டிருந்தது, இப்போது அதற்கும் வழியில்லாமல் அப்பாவே அணை கட்டிவிட்டார். தேங்கிய இடத்தை அடைத்தாரே தவிர, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. அம்மா அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

"சிரிக்காதடி, உள்ளேயிருந்து யாராச்சும் பாக்கணும்" என்றார் அப்பா. எல்லோரும் சொல்லிவைத்தாற்போல என்னைப் பார்த்தார்கள். எட்டு வயது, மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்த உடம்பு. பெட்டிக்குள் ஸ்பேர் டயரின் மேல் சம்மணம் போட்டு உட்கார எனக்கு இடம் தாராளம்.

சந்தோஷம் என்றால் அதுதான் சந்தோஷம். என் கையில் ஒரு சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்து மூடியைச் சாத்தினார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் வெயில் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. மூடியின் கீல் ஆணி ஓரத்தில் ஒன்று. பின் விளக்குக்குக் கம்பி போகும் துளையில் ஒன்று. கண்ணாடிக்குக் கீழே தகரமும் தகரமும் சேரும் இடத்தில் வரிசையாகச் சில. மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் உளுத்துப்போய், அந்த விளிம்பு முழுக்கவே வெளிச்சம். மாமா வெளியே பூவாளியோடு நின்று, கீழேயிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மேலே முதலில் ஊற்றினால் எந்த ஓட்டையில் நுழைந்தது என்று தெரியாது, எல்லாம் ஒன்றாக வழிந்துவிடும் என்பதை ஒரு நாள் பட்டே கற்றிருந்தார்கள்.

"வருதாடி?"

"வரல!"

"இப்ப?"

"வந்திருச்சு! மூக்கு மேலயே வந்திருச்சு!"

தண்ணீர் நுழைவது ஓர் இடம், சொட்டுவது வேறு இடம். கீல் ஆணியில் நுழைந்த தண்ணீர் மூடியின் உள்விலாவைப் பிடித்துக்கொண்டு ஓடி, எதிர் மூலையில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி சொட்டியது. நான் விரலை வைத்துக்கொண்டே பின்னால் போய்ப் போய்த் திருடனைப் பிடித்தேன். பிடித்த இடத்திலெல்லாம் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி. வெளியே வந்தபோது தலை முதல் கால் வரை நனைந்து, கரி பூசிக் கிடந்தேன். அம்மாவே திட்டவில்லை.

இடுக்குகளுக்குக் குங்கிலியம் சரி. மூடியைச் சுற்றிப் போட ரப்பர் வேண்டுமே! நாடு முழுக்க ரப்பர் மரம், கடையில் ஒரு முழம் ரப்பர் பட்டை கிடையாது. மாமா செங் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு வாளி ரப்பர் பால் கொண்டுவந்தார். அம்மாவின் பழைய சேலைக் கரையைக் கிழித்துப் பாலில் தோய்த்துக் காயவைத்து, மறுபடி தோய்த்து, மறுபடி காயவைத்து, விரல் தடிமனுக்கு ஒரு பட்டை செய்தார்கள். ஐயோ, அந்த நாற்றம்! மீன் சந்தையை மூட்டை கட்டிக் கொல்லையில் போட்டது போலிருந்தது. சோறு இறங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். அந்த நாளில் சோறு எங்கே இருந்தது?

பட்டையை ஒட்டி முடித்ததும் நான் மறுபடி உள்ளே போனேன். இருட்டு என்றால் இருட்டு, கும்மிருட்டு. பூவாளி காலியாகியும் ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் தரையில், டயருக்குப் பக்கத்தில், ஒரு வெளிச்சம் தெரிந்தது. கார் செய்தவனே வைத்த ஓட்டை அது. மூடி தொலைந்து, கரிச்சேறு அடைத்துக் கிடந்த அது, முன்பு ஊற்றிய தண்ணீரில் கரைந்து இப்போதுதான் திறந்திருந்தது. நான் அதற்கும் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, வெற்றியோடு வெளியே வந்து சொன்னேன்.

அப்பா அதை அடைக்கவில்லை. அடைக்காதது மட்டுமா? அரத்தை எடுத்து, வெள்ளிக்காசு அளவுக்கு அதைப் பெரிதாக்கினார்! அடியில் சேறு தெறிக்காமல் ஒரு பால் டின்னை வெட்டி மறைப்பு வேறு வைத்தார்.

"அப்பா, அது ஓட்டைப்பா!"

"உள்ள வந்த தண்ணி வெளிய போகணும்ல? விடு."

"தண்ணிதான் இனிமே வராதே! எல்லாத்தையும் அடைச்சாச்சே!"

"அதிகப்பிரசங்கி, போய் மூஞ்சியக் கழுவு" என்றார். பதில் தெரியாத பெரியவர்கள் சொல்வது அது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு மாமா பெட்டிக்குள் போனார். காலை மடக்கி, முழங்காலில் மோவாயை இடித்துக்கொண்டு படுத்தார். அப்பா மூடியைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டு பீடி பிடித்தார். அம்மா கிழங்கை உரித்து, வேகவைத்து, இறக்கியும் விட்டாள், மாமா வெளியே வரவில்லை. தண்ணீர் ஊற்றவும் இல்லை. கடைசியில் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவரிடம், எத்தனை ஓட்டை கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். இவ்வளவு நேரம் உள்ளே இருந்து ஒன்றும் கண்டுபிடிக்கத் துப்பில்லை என்று அவரை வீடு முழுக்கத் துரத்திக் கேலி செய்தேன். இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் எல்லாம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. எனக்கு என் பெட்டிதான் முக்கியம்.

இரண்டு நாள் கழித்து, விடிந்ததும் அலோர் காஜாவுக்கு அப்பால் காட்டோரத்தில் இருந்த பெரியம்மாவைப் பார்க்கப் புறப்பட்டோம். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். மாமா எங்கே என்றேன். உப்பு வாங்க மூவாருக்குப் போயிருக்கிறார் என்றாள் அம்மா. என்னிடம் சொல்லாமல் போனதில் எனக்குக் கோபம். அவர் இல்லாததால் அம்மாதான் சேலையைச் செருகிக்கொண்டு விசிறியைச் சுற்றினாள். கரி மூட்டைகளை அப்பா முன்னமேயே ஏற்றிப் பெட்டியை மூடியிருந்தார். நான் ஒருமுறை திறந்து பார்க்கிறேன் என்றதற்கு, கையை ஒடித்துவிடுவேன் என்றார்.

செங் சந்தியை நெருங்கும்போது வானம் உடைந்து கொட்டியது. அப்பாவும் அம்மாவும் பேயறைந்தது போல உட்கார்ந்திருக்க, நான் மட்டும் துள்ளிக் குதித்தேன். பெட்டிக்கு இதுதானே பரீட்சை! சந்தியில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய் கையைக் காட்டினான். அப்பா இறங்கி, கொட்டும் மழையில் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். சிப்பாய் காரைச் சுற்றி வந்து, துப்பாக்கிக் கட்டையால் பெட்டியைத் தட்டி, "புக்கா" என்றான். திற என்று அர்த்தம், அந்த மலாய்ச் சொல் அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டும் அன்று கைப்பிடி எந்தப் பக்கம் என்று மறந்துபோனது. சிப்பாய் அவரைத் தள்ளிவிட்டுத் தானே மூடியை ஒரு சாண் தூக்கினான்.

மழை நேரே உள்ளே போயிற்று.

எனக்கு வந்ததே கோபம்! நாள் கணக்காக நனைந்து, சுண்ணாம்பு தின்று, நாற்றம் பிடித்து நான் காத்த கரி. அம்மா பிடிப்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். ஜப்பான் பள்ளிக்கூடத்தில் எங்கள் வாத்தியார் நாள் முழுக்கச் சொன்ன ஒரே சொல் எனக்கு மனப்பாடம்: "தமே!" கூடாது என்று பொருள். "தமே! தமே! கரி நனையுது!" என்று கத்திக்கொண்டு, இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துக் கீழே அழுத்தித் தொங்கினேன்.

சிப்பாய் அசையவில்லை. அப்பா அசையவில்லை. அம்மா ஜன்னல் வழியாக வாயைத் திறந்தபடி இருந்தாள். சிப்பாய் என்னைப் பார்த்தான். பிறகு இடுக்கு வழியாகக் கரி மூட்டையைப் பார்த்தான். அதற்குள் எங்கள் ரப்பர் பட்டையின் மணம் அவன் மூக்கில் ஏறிவிட்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கியவன், கடகடவென்று சிரித்தான். எங்கள் வாத்தியார் மாதிரியே விரலை ஆட்டி, "தமே, தமே" என்று என்னிடமே சொல்லி, மூடியைத் தானே சாத்தி, இரண்டு தட்டுத் தட்டி, போ என்று கைகாட்டினான்.

கார் நகர்ந்தது. யாராவது பாராட்டுவார்கள் என்று பார்த்தேன், ம்ஹூம். கொஞ்ச தூரம் போனதும் பின்பெட்டியில் டொக் டொக் என்று சத்தம்.

"அப்பா, ஸ்பேர் டயர் ஆடுது."

"ஆடட்டும்த்தா, ஆடட்டும்" என்றார். சொல்லிவிட்டு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அலோர் காஜா வரைக்கும் இருவரும் பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியாமல் நானும் சிரித்தேன்.

பெரியம்மாவுக்கு ஒரு நோயும் இல்லை, வாசலிலேயே ஓடிவந்தாள். கிணற்றில் போய்க் கால் கழுவு என்று என்னை விரட்டினார்கள். திரும்பி வந்து பார்த்தால், அடுப்படியில் மாமா! தலை முதல் கால் வரை கரி, பல் மட்டும் வெள்ளை. மூவாருக்குப் போனவர் எப்படி எனக்கு முன்னால் வந்தார்?

"எதுல வந்தீங்க?"

"உன் கார்லதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எப்போதும் போலச் சீண்டுகிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் விடவில்லை. என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "ஒரு சொட்டு உள்ள வரலடி. எல்லா ஓட்டையும் நீ புடிச்சிட்ட. அந்த ஒரு ஓட்டை இருந்திச்சு பாரு, அதான் நல்ல ஓட்டை" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவரும் அப்பா பக்கம் சேர்ந்துவிட்டாரே! வீட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக நானே குங்கிலியம் காய்ச்சி அதையும் அடைத்துவிடுவேன் என்று சபதம் போட்டேன். அதைக் கேட்டதும், அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அம்மா ஓவென்று அழுதாள். மாமாவையும் என்னையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, கரி அவள் முகமெல்லாம் அப்பிக்கொள்ள, நிறுத்தாமல் அழுதாள். கரி நனையாததற்குப் போய் ஒருத்தி இப்படியா அழுவாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.