பிளாக்கில் வந்த "அவர்"

ஜோசஃபினுக்கு ஆள் கிடைத்துவிட்டார் என்பதுதான் இப்போது விவேக் நகரில் ஓடும் பேச்சு. ரிச்சர்ட்ஸ் டவுன்காரராம். மனைவியை இழந்தவராம். காரம் ஆகாதாம். ஞாயிறு பூசையின் முடிவில் கல்யாண அறிவிப்புகளைச் சாமியார் வாசிப்பார். ஓலை வாசிப்பது என்போம். கடைசி ஆசீருக்கு முன்பே வண்டி எடுக்க ஓடும் ஆண்கள்கூட இப்போது ஓலை முடியும்வரை நகர்வதில்லை.

அது ஊர்ப்பேச்சு. நடந்தது வேறு, சொல்கிறேன்.

ஜோசஃபினுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தொம்மலூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. அம்மா போன பிறகு, பவுலின் அக்கா வீட்டு மாடியில் தனியாகக் குடியிருக்கிறாள். இணையத்தில் பெயர் போடாமல் ஒரு பிளாக் எழுதி வந்தாள். யார் படிக்கிறார்கள் என்று தெரியாததால் உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

"பூசையில் பக்கத்தில் இருப்பவரைக் கும்பிட்டு சமாதானம் சொல்கிறேன். அதற்குப் பிறகு, திங்கட்கிழமை ஆபீஸ் வாட்ச்மேன் குட்மார்னிங் சொல்லும்வரை யாரோடும் பேச்சில்லை. சில ஞாயிறு, குரல் இருக்கிறதா என்று பார்க்க மிக்ஸியைத் திட்டுவேன்."

ஒரு பதிவில் மட்டும் கவனம் தவறிவிட்டது. கீழ்வீட்டு நாய் செத்து வருஷமாகிறது, 'நாய் ஜாக்கிரதை' போர்டைக் கழற்ற வீட்டுக்காரம்மாவுக்கு இன்னும் மனம் வரவில்லை என்று எழுதினாள். அது யார் வீடு என்று எங்கள் தெருவில் பால்காரருக்கும் தெரியும். பவுலின் அக்காவின் மகள் ஸ்னேஹா படித்துவிட்டு அம்மாவிடம் காட்டினாள்.

அக்கா கோபப்படவில்லை. அதுதான் வினையாகப் போனது. அந்த வாரம் அன்பியக் கூட்டம் அவர் வீட்டில். அக்கம்பக்கத்து வீட்டார் கூடி ஜெபமாலை சொல்லிவிட்டு, ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்வது வழக்கம். ஜோசஃபின் அங்கேயே முட்டிபோட்டிருக்க, பவுலின் அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"மிக்ஸிகிட்ட பேசிக்கினு தனியா கெடக்கிற எங்க சகோதரி ஜோசஃபினுக்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றோம் எல்லோரும். ஜோசஃபினும் உதட்டை அசைத்தாள். எழுந்திருக்கத்தான் அவளுக்கு நேரம் பிடித்தது.

மறுநாளிலிருந்து மாடிப்படியில் கூட்டம். ஒருத்தி குழம்போடு வந்தாள், ஒருத்தி மாப்பிள்ளை போட்டோவோடு வந்தாள். "எப்பிடிம்மா தனியா இருக்கே?" என்று எல்லோரும் கேட்டார்கள். பதிலைக் கேட்க ஒருவரும் உட்காரவில்லை.

பிளாக்கையும் தெருவே படிக்க ஆரம்பித்தது. அடுத்த பதிவில் "அவர்" வந்தார். அவருக்காக மீன் குழம்பில் மிளகாயைக் குறைத்தாள். அவரோடு அல்சூர் ஏரிக்கரையில் நடந்தாள்.

தெருவுக்கு நிம்மதி. குழம்பு நின்றது. படிக்கட்டு காலியானது. மன்றாட்டில் அவள் பெயர் வருவதில்லை. துணை இருக்கிறவளை எதற்குக் கூப்பிடுவது என்று கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கும் யாரும் அழைக்கவில்லை. மிக்ஸி, வாட்ச்மேன் எல்லாம் பிளாக்கிலிருந்து போயே போய்விட்டன. "அவர்" மட்டும் வாராவாரம் நன்றாகச் சாப்பிட்டார்.

போன சனிக்கிழமை பேக்கரியில் அவளைப் பார்த்தேன். இருப்பதிலேயே சின்ன பிரெட் பாக்கெட்டை எடுத்தாள். விடுவேனா?

"என்னா ஜோசஃபின், அவுரு பிரெட் துன்ன மாட்டாரா? ஓலை எப்போ?"

"எவுரு?"

"அதான், ரிச்சர்ட்ஸ் டவுன்காரரு."

"ரிச்சர்ட்ஸ் டவுனா? அத நான் எழுதவே இல்லியே அண்ணா."

நான் பன் விலையை விசாரித்தேன். அவள் பிரெட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆளும் இல்ல, ஓலையும் இல்ல. நீங்கல்லாம் படிக்கிறீங்கன்னு தெரிஞ்சப்பறம் நான் எழுதன மொத பொய்யி அவுரு. நெசத்த சொல்ல எனக்கு இருந்ததே அந்த ஒரு எடம்தான், அதுலயும் வந்து முட்டி போட்டுட்டீங்க. போயி அன்பியத்துல சொல்லுங்க. மன்றாட்டு மட்டும் வேணாம்."