சேற்றுக்கு மேல் தொங்காத சீடிகள்

இருபது வருசத்துக்கு முந்தி நானும் றஸ்மியும் கையால் வரைந்து ஆறு குட்டிக் காட்டூன் படங்கள் செய்தோம். நண்டுக்குக் குரல் கொடுத்தது அவனுடைய வாப்பா. முதல் இரண்டு சீடிகளிலும் அவரே, பிஸ்மில்லாவைக் குறிக்கும் 786 எழுதினார். "காட்டூனுக்கு இது எதுக்கு வாப்பா?" என்று சிரித்து, மிச்ச நாலிலும் நாங்கள் அவரை எழுத விடவில்லை.

வாப்பா மௌத்தாகி, அடக்கம் முடிந்து ஒரு மாசத்தில், அந்தக் குரல் இருக்கிற சீடிகளைக் கேட்டு றஸ்மி வந்தான். அலுமாரியை ஒதுக்கியபோது, பழைய சீடிகளோடு அவற்றையும் முந்தல் இறால் பண்ணைக்கு, நீர்க்காகம் விரட்டக் கொடுத்திருந்தேன். உண்மையைச் சொன்னேன். அவன் மோட்டார் சைக்கிளில் ஏறினான். நானும் பின்னால் ஏறினேன்.

இறால் குளத்துக்கு மேல் எங்கள் சீடிகள் நான்கு, வெயிலில் தோலுரிந்து ஆடின. காவல்கார நானா குடிலுக்குள்ளிருந்து மற்ற இரண்டையும் துணியில் சுற்றி எடுத்துவந்தார்.

"786 எழுதின சாமானச் சேத்துக்கு மேல தொங்க விடலாமா தம்பி?"

அன்று பின்னேரம் திரையில் நண்டு நடந்துவந்து, வாப்பாவின் குரலில் கதைத்தது. றஸ்மி கண்ணைத் துடைத்தான்.

"மத்த நாலையும் பாத்து நீர்க்காகம் ஓடிச்சாம் மச்சான். அந்தக் காலத்தில எங்கட படத்தப் பாத்து ஆக்களும் அப்படித்தானே ஓடினாங்க."

அப்போதுதான் நானும் சிரித்தேன். இப்போது எதை எழுதினாலும், வாப்பா வந்து 786 போட இருப்பதைப்போல, தாளின் மேலே கொஞ்சம் இடம் விடுகிறேன்.